காங்கோவுக்கு ஐப்பசிக் குச்சி

போன வைகாசியில் ஒரே பகலில் நான் காங்கோ, சகாரா, இத்தாலி, அண்டார்டிகா நான்கையும் பார்த்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் மறுபடியும் ஒரு தடவை காங்கோவுக்குப் போய் வந்தேன். பாஸ்போர்ட் கிடையாது. விருதுநகர் மாவட்ட எல்லையைத் தாண்டவும் இல்லை. அண்டார்டிகாவில் என் மீசை உறைந்து இடது முனை ஒடிந்து விழுந்தது. மீசையை வேண்டுமானால் நம்பாமல் விடுங்கள். மற்றதெல்லாம் கையெழுத்தும் முத்திரையுமாகக் காகிதத்தில் இருக்கிறது.

என் பெயர் வெள்ளைத்துரை. நாரணாபுரம் ரோட்டில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் மருந்து அறையில் இருந்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவன். குச்சித் தலைக்குப் போடும் மருந்தைக் கலக்குவது என் வேலை. நான் கலக்கிய மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி, மிச்சத்தில் சிவகாசியைச் சுற்றி ஒரு வேலியும் போடலாம். கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வேலைக்கு ஓய்வு கொடுத்தவன் வாய்க்கும் கொடுத்திருக்கலாம் என்பது என் வீட்டுக்காரி மாரித்தாயின் குறை. வம்பு அந்த வாயால்தான் வந்தது.

கம்பெனி ஆபீஸில் ரோஜா என்றொரு பெண் இருக்கிறாள். எங்கள் தெருக்காரி. அவளுடைய அம்மா அதே கம்பெனியில் தரையில் உட்கார்ந்து பெட்டி அடைத்தவள். மகள் பி.காம். முடித்து, அந்த வீட்டிலேயே முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் எனக்குப் போன் போட்டாள்.

"மாமா, வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. கப்பல் நாலு விதமான ஊருக்குப் போகுதாம். அதனால எழுதிக் குடுக்கச் சொல்லி பாரம் ஒண்ணு அனுப்பியிருக்காக. மழைக்காடு, பாலைவனம், மத்திய தரைக்கடல், துருவம்னு நாலு கட்டம் போட்டு, எந்தெந்தச் சீதோஷ்ணத்துல குச்சியச் சோதிச்சிருக்கீகன்னு கேட்டிருக்கு. அண்ணாச்சி எல்லாத்துலயும் டிக் போடச் சொல்லுதாரு."

அண்ணாச்சி என்றால் முதலாளி லட்சுமிகாந்தம்.

"போட வேண்டியதுதானே?"

"அவரு எந்தெந்த ஊருக்கு விப்பீகன்னு கேக்காகன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு மாமா. 'கேட்டவனுக்கு இல்லைன்னு சொல்ற வழக்கம் நமக்குக் கிடையாது தாயி'ங்காரு. நெசமாவே நாம சோதிச்சிருக்கோமா?"

நான் அப்போது கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டு, நல்ல குஷியில் இருந்தேன்.

"சோதிச்சிருக்கோமாவா? சகாராவுல ஒட்டகத்து மேல உக்காந்து நானே உரசியிருக்கேன் தாயி. ஒட்டகம் மிரண்டு எகிப்து வரைக்கும் ஓடிருச்சு. துருவத்துல உரசினப்ப பென்குயினு அம்புட்டும் வந்து சுத்தி உக்காந்து குளிர் காஞ்சுச்சு."

சிரிப்பாள் என்று பார்த்தேன். "சரி மாமா" என்று வைத்துவிட்டாள்.

ஒட்டகத்தை அவள் நம்பவில்லை. ஆனால் கம்பெனி எங்கேயோ எப்போதோ சோதித்திருக்கிறது, கிழவன் அதற்கு ஜிகினா ஒட்டிச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷம் மருந்து அறையில் இருந்தவன் இதில் பொய் சொல்வானா என்றும் நினைத்திருக்கிறாள். நாலு கட்டத்திலும் டிக். கீழே அவள் கையெழுத்து.

வைகாசி பிறந்ததும் பதில் வந்தது. தூத்துக்குடியில் இருக்கும் ஒரு சோதனை நிறுவனத்திலிருந்து ஆள் வருகிறார், சோதித்த இடங்களைக் காட்டவும் என்று. அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஆனால் முதலாளி. "கையெழுத்து ஒன்னோடது தாயி. ஆர்டர் கை நழுவிப் போச்சுன்னா ஆபீசுக்கு நான் வேற ஆள்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ரோஜா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. மாரித்தாய் கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"மாமா, அந்த ஒட்டகம் எங்கன இருக்கு?"

எனக்கு அறுபத்தொரு வயதாகிறது. அந்த வயதில் மாரித்தாயின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். மாரித்தாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு குரோசு, அதாவது நூற்று நாற்பத்து நாலு பெட்டிக் குச்சியைப் பற்றவைத்திருக்கலாம்.

"சொல்லுங்க, எங்கன கட்டிப் போட்டிருக்கீக?" என்றாள் மாரித்தாயும்.

"மூணு நாள் டயம் குடுங்க" என்றேன். "பொய்யா இருந்தா என்ன, நெசமாக்கிப்புடலாம்."

தூத்துக்குடியிலிருந்து சோதிக்க வந்தவள் அருணாதேவி. முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பை. பைக்குள் வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் காட்டும் கையடக்க மீட்டர். ஆபீஸில் உட்கார வைத்து ஒளிவுமறைவில்லாமல் விஷயத்தைச் சொன்னோம். சோதிக்கவில்லை, ஆனால் உங்கள் கண் முன்னாலேயே நாளைக்கு நான்கு சீதோஷ்ணத்திலும் சோதிக்கிறோம் என்று.

"நாளைக்கா? நாலுமா? எங்க வச்சு?"

"மாவட்டத்துக்குள்ளதான் மேடம்" என்றேன்.

அவள் என்னையும் பார்த்தாள், சுவரில் இருந்த காலண்டரையும் பார்த்தாள். வைகாசி வெயிலில் கம்பெனித் தகரம் டப்டப்பென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"துருவமும் மாவட்டத்துக்குள்ளயா?"

"விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல."

"சார், நான் பத்து வருஷமா இந்த வேலை பாக்கேன். பொய் ரசீது பாத்திருக்கேன், பொய் லேப் பாத்திருக்கேன். பொய்த் துருவம் இன்னும் பாக்கலை" என்றாள். ஆனாலும் பாரத்தைப் பிரித்துப் படித்தாள். "ஒவ்வொரு சீதோஷ்ணத்துக்கும் வெப்பம் இவ்வளவு, ஈரம் இவ்வளவுன்னு எழுதியிருக்கு. என் மீட்டர் அதைக் காட்டணும். பெட்டியத் திறந்து ஒரு மணி நேரம் அங்க வைக்கணும். அப்புறம் இருபது குச்சி உரசினா பதினெட்டு பத்தணும். ஒரு இடத்துல தோத்தா அன்னைக்கே ஒரு தடவை மறுபடி பாக்கலாம். ரெண்டு இடத்துல தோத்தா நான் கிளம்பிருவேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளையும் ரோஜாவையும் காங்கோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டு. முகூர்த்த நாள். சமையல் என் மச்சினன் சோணைமுத்து. பத்து இட்லிக் கொப்பரை, எட்டாயிரம் பேருக்கு இட்லி வெந்துகொண்டிருந்தது.

"எண்ணூறு" என்றான் சோணைமுத்து.

"இது சமையல்கட்டு" என்றாள் அருணாதேவி.

"மீட்டரை எடுங்க மேடம். அதுக்குக் காங்கோவும் தெரியாது, கல்யாணமும் தெரியாது."

மீட்டர் வெப்பம் முப்பத்து மூன்றரை, ஈரம் தொண்ணூற்று மூன்று என்றது. பாரத்தில் கேட்டது முப்பதுக்கு மேல், தொண்ணூறுக்கு மேல். அவள் மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் அதேதான். அதற்குள் தகரக் கூரையிலிருந்து ஒரு சொட்டு அவள் நோட்டில் விழுந்தது. பிறகு நாலு சொட்டு.

"மழை" என்றேன்.

"ஆவி" என்றாள்.

"மழைக்காட்டுல மட்டும் வேற என்னவாம்? காலையெல்லாம் வெயில்ல ஆவி மேல போகுது. மேல போயிக் குளுந்து, சாயங்காலம் கீழ விழுது. தினம் இதே பொழப்பு. அங்க மேகம், இங்க தகரம்."

அவள் நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்து கொப்பரைகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில் வைத்தோம். ஒரு மணி நேரம். எங்கள் மூன்று பேருக்கும் இட்லி வந்தது. ரோஜா ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டு இலையிலேயே வைத்திருந்தாள்.

உரசினேன். முதல் மூன்று குச்சியும் ஜம்மென்று பற்றின. நாலாவது வழுக்கியது. ஐந்தாவது தலை மாவாக உதிர்ந்தது. உரசும் பட்டை ஈரத்தில் ஊறி, மழையில் நனைந்த செருப்பு மாதிரி ஆகிவிட்டது. இருபதில் பதிமூன்று. அருணாதேவி '13' என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டாள். ரோஜா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு தடவை இருக்குல்ல" என்றேன்.

அங்கிருந்து காரில் ஆலங்குளம் பக்கம் போனோம். வழியில் ரோஜா போனை எடுத்து, இப்போது மருந்து அறையில் என் இடத்தில் இருக்கும் பொன்மணியைக் கூப்பிட்டாள். பொன்மணி பேசினால் ஸ்பீக்கர் போட வேண்டிய அவசியம் இல்லை. கார் முழுவதும் கேட்டது.

"பதிமூணா? எந்தக் கட்டைக் கொண்டு போனீக?"

"சித்திரையில போட்டது அக்கா. புதுச்சரக்கு."

"சித்திரைக் கட்டையா காங்கோவுக்குக் கொண்டு போனீக? அது வெயில் மருந்துல்ல! வச்சிரப் பசை எளக்கிப் போட்டது. மழைக் காலத்துக்கு மருந்து வேறல்ல? பசை வேற, பட்டைக்குப் பூச்சு வேற. வெள்ளைத்துரை அண்ணனுக்கு இது தெரியாதாக்கும்? அவருதான எனக்குச் சொல்லிக் குடுத்தாரு! ஒட்டகத்து மேல ஏறினதும் எல்லாம் மறந்துருச்சோ?"

நான் ஜன்னல் வழியாக ஒரு பனைமரத்தைப் பார்த்தேன். அது உண்மை. ஐப்பசி வந்தால் மருந்தை மாற்றிக் கலக்க வேண்டும் என்பது கம்பெனியில் துடைப்பத்துக்குக்கூடத் தெரியும். உலகத்தையே ஒரு நாளில் சுற்றிக் காட்டுகிறேன் என்று துள்ளியதில், உலகம் முழுவதும் ஒரே மருந்து போதும் என்று நினைத்துவிட்டேன்.

"பழைய ஐப்பசிக் கட்டு எங்கயாச்சும் இருக்கா அக்கா?" என்று கேட்டாள் ரோஜா.

"மாசத்துக்கு ஒரு கட்டு மாதிரிக்குன்னு எடுத்து வைப்போம்ல. தேதிச் சீட்டு ஒட்டி அலமாரியில கிடக்கு. சாயங்காலம் கொண்டாறேன். அதுவரைக்கும் அண்ணனை எதையும் தொடவேண்டாம்னு சொல்லு."

அருணாதேவி முன்சீட்டில் இருந்து திரும்பவில்லை. ஆனால் கண்ணாடியில் அவள் கண் எங்கள் மேல் இருந்தது.

சகாரா என்பது சுண்ணாம்புக் கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட ஒரு பள்ளம். எங்கு பார்த்தாலும் வெள்ளை. ஒரு புல் கிடையாது, ஒரு காக்கை கிடையாது. பகல் பன்னிரண்டு மணி. வெயில் மேலிருந்து ஒரு தடவை அடித்து, தரையில் பட்டு இரண்டாம் தடவை அடித்தது.

"நூத்தி இருபது டிகிரி" என்றேன்.

"நாப்பத்தி நாலு புள்ளி ஒண்ணு" என்றாள் அருணாதேவி. "ஈரம் இருபத்தி ஒண்ணு. கேட்டது நாப்பதுக்கு மேல, இருபத்தஞ்சுக்குக் கீழ." குடைக்குள்ளிருந்தே எழுதிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து முதல் குச்சியை உரசினேன்.

"பத்தலை" என்றாள்.

"பத்தியிருக்கு மேடம்."

"எங்க?"

அங்கேதான் சிக்கல். அந்த வெள்ளைக் கண்கூச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியவில்லை. என் விரலுக்கு மட்டும் தெரிந்தது. "ஆத்தாடி" என்று உதறினேன். கார் டிரைவர் பாண்டி ஒரு யோசனை சொன்னான். "என்கிட்டப் பீடி இருக்கு. குச்சிக்கு ஒண்ணா பத்தவச்சுப் பாத்துருவோம். மேடம் எண்ணிக்கிடட்டும்."

"இருபது பீடியா? அப்புறம் வண்டிய யாரு ஓட்டுறது?" என்று அருணாதேவி தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கீற்றுக் கீற்றாக ஆக்கினாள். ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு கீற்று. தீ தெரியாமலே காகிதம் கறுத்துச் சுருண்டது. இருபதுக்கு இருபது. வெயில் மருந்தல்லவா. பாண்டிக்கு மட்டும் வருத்தம்.

இரண்டு மணிக்கு மேல் இத்தாலி. விருதுநகரைத் தாண்டி மல்லாங்கிணறு பக்கம், பெத்தணன் என்ற விவசாயச் சம்சாரியின் கரிசல் காடு. மழையை நம்பி விதைக்கிற பூமி. ஒரு வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்தோம்.

அருணாதேவி இங்கேதான் பிடித்துக்கொண்டாள். "வெப்பம் முப்பத்தெட்டுக்குள்ள இருக்கணும். நிழல்ல முப்பத்தேழரை. அது சரி. ஆனா பாரத்துல இன்னொண்ணும் எழுதியிருக்கே. கோடையில வறட்சி, குளிர்மாசத்துல மழைன்னு. உலகத்துல முக்காவாசி எடத்துல கோடையில, இல்லாட்டி கோடையை ஒட்டித்தான் மழை. குளிருல மழை பெய்யிறது இத்தாலி, கிரீசு மாதிரிக் கொஞ்ச ஊருலதான். இது மல்லாங்கிணறு சார்."

நான் பெத்தணனைக் காட்டினேன்.

"அண்ணே, ஆனி ஆடியில இங்க மழை உண்டா?"

"ஏது? வெறுங்காத்து. ஆள அடிச்சுக்கிட்டுப் போகும். மழையெல்லாம் மலைக்கு அங்கிட்டு கேரளாக்காரன் வாங்கிக்கிடுவான். நமக்கு ஐப்பசி, கார்த்திகைதாம்மா. அப்பப் பெஞ்சா வெள்ளாமை. இல்லாட்டி அடுத்த ஐப்பசிக்கு வானத்தப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

அருணாதேவி போனில் மாவட்ட மழைக் கணக்கைத் தேடி எடுத்தாள். மாதம் மாதமாக விரலை நகர்த்தினாள். ஐப்பசி, கார்த்திகை வருகிற இடத்தில் விரல் நின்றது. அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"ஆலிவ் மரம் இருக்கா?" என்று பெத்தணனிடம் கேட்டாள்.

நான் குனிந்து ஒரு வேப்பம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன். "இதுதான். பாக்க அப்பிடியே இருக்கும். கசப்பும் அதே கசப்புதான்."

காலையிலிருந்து முதல் தடவையாக அவள் வாய் ஓரம் அசைந்தது. ஆனால் குச்சியை எண்ணும்போது அசையவில்லை. பத்தொன்பது. ஒன்று காற்றில் அணைந்தது. "காத்துன்னு பாரத்துல இல்லை" என்று அதைக் கழித்துவிட்டாள். இத்தாலியும் தேறியது.

துருவத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். விருதுநகரில் ஒரு ஐஸ்கிரீம் ஏஜென்சியின் குளிர் அறை. பாண்டி பெட்டியை இத்தாலி போகும் வழியிலேயே உள்ளே திறந்து வைத்துவிட்டு வந்திருந்தான். அருணாதேவி அப்போதே நேரமும் குறித்துக்கொண்டாள். குறைந்தது ஒரு மணி நேரம் என்றுதான் பாரம்.

"வெளியே எடுத்துக்கிட்டு வந்து உரசுங்களேன்" என்றார் ஏஜென்சிக்காரர்.

"கூடாது" என்றேன். "இந்த வெயிலுக்குள்ள கொண்டாந்தா குச்சிக்கு வேர்த்துரும். ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்கிற மாதிரி. அப்புறம் அது துருவமும் இல்லை, பாலைவனமும் இல்லை. உள்ள வச்சுத்தான் உரசணும்."

அருணாதேவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இதை மட்டும் மறக்கலையா?" என்றாள்.

கொடைக்கானலுக்குப் போனபோது வாங்கிய குரங்குக் குல்லாவை நான் போட்டுக்கொண்டேன். கல்யாண மண்டபத்தில் வாங்கி வந்த ஜமக்காளம் இரண்டு காரில் இருந்தன. ஒன்றை நான் போர்த்தினேன். அருணாதேவி முதலில் வேண்டாம் என்றாள். கதவு திறந்து அந்தக் காற்று காலில் பட்டதும் மற்றொன்றை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். ரோஜா வெளியில் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே பட்டர்ஸ்காட்ச்சும் வெனிலாவும் பனிமலை மாதிரி அடுக்கியிருந்தன. மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு என்றது. பாரத்துக்குக் கீழே பதினைந்து போதும். நான் அறுபது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே நின்றது. மீசை ஒடிந்ததும் அப்போதுதான்.

குச்சி ஒவ்வொன்றும் பற்றியது. ஆனால் என் கை நடுங்கியதில் ஆறாவதும் பதினான்காவதும் நடுவில் முறிந்துவிட்டன.

"முறிஞ்சது குச்சி தப்பா, கிழவன் தப்பா?" என்று பல் அடித்துக்கொள்ளக் கேட்டேன்.

"பாரத்துல கிழவனுக்குக் கட்டம் இல்லை" என்றாள், அவளும் பல் அடித்துக்கொள்ள.

பதினெட்டு. ஒன்று குறைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வெளியே வந்தபோது வைகாசி வெயில் எங்களுக்கு வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டிய மாதிரி இருந்தது. மூன்று தேறிவிட்டது. மிச்சம் காங்கோ.

மண்டபத்துக்குத் திரும்பும்போது மணி ஐந்தரை. சாயங்கால வரவேற்புக்கு சோணைமுத்து இடியாப்பம் போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் பொன்மணி ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கட்டு. மேலே போன வருஷத்து ஐப்பசித் தேதிச் சீட்டு.

அருணாதேவி சீட்டைப் படித்தாள். "இது வேற சரக்கு. நீங்க அனுப்பப் போறது எது?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ரோஜா கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"ரெண்டும்தான் மேடம். மழைக்காட்டுல இறங்குற சரக்கு ஐப்பசி மருந்துல போகும். மத்த மூணுக்கும் வெயில் மருந்து. எல்லாச் சீதோஷ்ணத்துக்கும் ஒரே மருந்துன்னு பாரத்துல எங்கயும் போடலை. இந்த மூணு நாள்ல பதினஞ்சு தடவை படிச்சிட்டேன்."

"கம்பெனி ரெண்டு மருந்து போட ஒத்துக்குமா?"

"வருஷா வருஷம் அதைத்தான போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாள் பொன்மணி. "காங்கோக்காரனுக்கு வருஷம் பூரா ஐப்பசி. அம்புட்டுத்தான?"

அருணாதேவி பாரத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பிறகு மீட்டரை எடுத்தாள். "ஈரம் எண்பத்தாறு. தொண்ணூறு வேணும்."

காலையில் பத்துக் கொப்பரை. இப்போது நாலுதான். ரோஜா ஓடிப்போய்ச் சமையல்கட்டு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்தாள். நான் மச்சினனைக் கெஞ்சினேன்.

"மாப்ளே, மூடிய எல்லாம் ஒரே நேரத்துல திறலே."

"இடியாப்பம் வேகாது மாமா! மாப்பிள்ளை வீட்டாரு என்னைய உரிச்சுருவாக."

"வேகலைன்னா நான் பச்சையாத் திங்கேன். ஒத்த ஆளா, நானூறு பேரு இடியாப்பத்தையும்."

அதை மட்டும் அவன் நம்பினான். நாலு மூடியும் திறந்தன. கண்ணுக்கு முன்னால் வெள்ளை. எண்பத்தொன்பது. தொண்ணூறு. தொண்ணூற்று நாலு. தகரம் மழை பெய்ய ஆரம்பித்தது. பெட்டியைத் திறந்து முக்காலியில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் சோணைமுத்து பன்னிரண்டு தடவை மூடியைத் திறந்து மூடினான். ஈரம் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. என்ன நடக்கிறது என்று பார்க்கப் பெண்வீட்டுக்காரர்கள் பின்வாசலில் கூடிவிட்டார்கள்.

நேரம் ஆனதும் நான் பெட்டிக்குக் கையை நீட்டினேன்.

"நீங்க வேண்டாம்" என்றாள் அருணாதேவி. "கையெழுத்துப் போட்டவங்க உரசட்டும்."

ரோஜா கையைத் தாவணியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, ஒரு குச்சியை எடுத்து உரசினாள். சர்ரென்று ஒரு சத்தம். புகை. அவ்வளவுதான். முதல் குச்சியே பற்றவில்லை.

கொப்பரை மட்டும் கொதித்தது.

"அழுத்தாதடி, இழுத்து உரசு" என்றாள் பொன்மணி மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாவது பற்றியது. மூன்றாவது பற்றியது. அருணாதேவி வாய்விட்டே எண்ண ஆரம்பித்தாள். ஒன்பதாவது கொஞ்சம் சீறி, யோசித்து, பிறகு எரிந்தது. பின்வாசல் கூட்டமும் சேர்ந்து எண்ணியது. என்ன கணக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. எண்ணுவதில் குறை வைக்கவில்லை. பதினைந்து. பதினாறு. பதினேழாவதில் ஒரு சொட்டு நேராகப் பெட்டி மேலேயே விழுந்தது. ரோஜா பட்டையின் மறுபக்கத்தைத் திருப்பி உரசினாள். எரிந்தது. இருபதாவது குச்சியை அணைக்க மறந்து, அது விரல் வரைக்கும் வந்துவிட்டது.

பத்தொன்பது.

அருணாதேவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாரத்தின் நாலு கட்டத்துக்கும் எதிரே எண்களை எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தாள். 'இரண்டு வகை மருந்து. மழைக்காட்டுச் சரக்குக்கு ஐப்பசி வகை' என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்து, நகலை ரோஜாவிடம் கொடுத்தாள். ரோஜா அங்கேயே நின்று அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"அப்பிடியா தாயி? நல்லது. நாளைக்குக் கொஞ்சம் வெள்ளன வந்துரு. ரெண்டு சரக்குக்கும் ரெண்டு லேபிள் அடிக்கணும். எதுல எது போகணும்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

ரோஜா போனை வைத்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக, "சோணைமுத்து மாமா, இடியாப்பம் இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. கொஞ்சம் வேகாமல்தான் இருந்தது. அவள் ஏழு தின்றாள்.

எங்களுக்கும் தேங்காய்ப்பாலோடு வந்தது. அருணாதேவி ஒரு வாய் எடுத்து வைப்பதற்குள் அவள் போன் அடித்தது. தூத்துக்குடியிலிருந்து அவளுடைய மேலதிகாரி. எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினாள். நான் காதை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"ஆமா சார், நாலும் முடிஞ்சுது... இன்னைக்குத்தான்... ஒரே நாள்ல... இல்ல சார், லேப் எல்லாம் இல்ல. காலையில கல்யாண மண்டபம்... கல்யாணந்தான் சார், கல்யாணம்... அப்புறம் கல்லுப் பள்ளம், வேப்பமரம், ஐஸ்கிரீம் கடை... சார், எனக்கு வெயில்ல ஒண்ணும் ஆகலை. ரீடிங் அம்புட்டும் கையில இருக்கு..."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஏதோ கேட்டார்கள். அவள் ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு விட்டு, போனில் சொன்னாள்.

"நானும் காலையில நம்பலை சார். ஆனா நடந்துச்சு. நான் அங்கனதான் இருந்தேன்."